கேட்பவருக்கெல்லாம் கொடுக்கலாமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு கவலைகளைச் சொல்கின்றன. இணையத்தில் நம் சொந்த விவரங்களைக் காப்பது எப்படி என்பது ஒன்று. அதே இணையத்தில் நமக்கு உண்மையாகவே பயன்படுகிறவற்றை அலைக்கழிப்பு இல்லாமல் கண்டடைவது எப்படி என்பது மற்றொன்று. கேட்கப்பட்டவை குடும்ப விஷயங்கள் என்பதால், எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

*

பேரனின் திருமணத்துக்காக மூன்று ஊர்களில் விடுதி அறைகள் பதிவு செய்தோம். எல்லா இடத்திலும் எங்கள் வீட்டார் எட்டுப் பேரின் ஆதார் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டோம். இப்போது தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

முதலில் அச்சத்தை விடுங்கள், ஐயா. உங்கள் ஆதார் எண் மட்டும் ஒருவர் கைக்குப் போனதால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடாது. அதற்கு ஓடிபியோ கைரேகையோ வேண்டும். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, முகம், எண் ஆகிய ஐந்தும் ஒரே படத்தில் சேர்ந்திருப்பதால், உங்களைத் தெரிந்தவர் போலப் பேசி நம்பவைக்க நினைப்பவருக்கு அந்தப் படம் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. அந்த விடுதிகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, தங்கியது முடிந்துவிட்டபடியால் செல்பேசியில் உள்ள படங்களை அழித்துவிடுமாறு கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். பதிவேட்டில் குறித்துக்கொண்ட பிறகு வரவேற்பறைப் பணியாளரின் செல்பேசியில் உங்கள் வீட்டுப் பெண்களின் படமும் முகவரியும் கிடக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இனிமேல் அடையாளம் காட்ட வேண்டிய இடங்களில் 'மாஸ்க்டு ஆதார்' எனப்படும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கம் செய்யும்போதே அதற்கான கட்டம் இருக்கும்; அதைத் தேர்ந்தால் 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும். எண் கட்டாயம் தேவைப்படும் சேவைகளில், ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண் ஒன்றையும் உருவாக்கிக் கொடுக்கலாம். அதை வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பதிவிறக்கிய கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் எது என்று நினைவிருக்கிறதா? உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்கள் பெயரும் வயதும் அறிந்த எவரும் அதை ஒரு நிமிடத்தில் ஊகித்துவிடுவார்கள். ஆகையால் பூட்டு இருக்கிறதே என்று எண்ணி அந்தக் கோப்பைக் கண்ட இடத்தில் விட்டு வைக்காதீர்கள்.

கைரேகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த விரல்ரேகைகளைப் படியெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் பணம் எடுத்த மோசடி வழக்குகள் நம் அண்டை மாநிலங்களிலேயே பதிவாகியுள்ளன. இதற்குத் தடுப்பு, ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைப்பதுதான். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பூட்டிய பிறகு நியாயவிலைக் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. பொருள் வாங்கப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் கடைக்குப் போகிறவர் யாரோ அவருக்கு இதைச் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவார். உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற ஆறு மாத வரலாற்றையும் அதே தளத்தில் பார்க்கலாம். ஐயம் இருந்தால் 1947 என்ற எண்ணை அழையுங்கள்.

இந்த இடத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றூரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் ஒரு சான்றிதழை அச்செடுக்க உட்கார்ந்தேன். என் கோப்பைத் தேடி 'டவுன்லோட்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால், நூற்றுக்கணக்கான கோப்புகள் வரிசையாக நின்றன: யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ், ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல், பான் அட்டைகள், ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கை. வேறொரு கணினியில் யாருடைய வாட்ஸ்அப்போ மூடப்படாமல் திறந்தே கிடந்தது. கடைக்காரரிடம் சொன்னேன். நல்ல மனிதர், உடனே வருத்தப்பட்டார். "வர்றவங்க அவசரத்துல வர்றாங்க, அவசரத்துல போயிடுறாங்க சார், நான் எதைன்னு பார்ப்பேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அச்சு கைக்கு வந்ததும் எழுந்துவிடாமல், கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கி, மின்னஞ்சலிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி அச்செடுத்திருந்தால், உங்கள் கண்ணெதிரே அதை நீக்கச் சொல்லுங்கள்.

*

துணிக்கடை, மருந்துக்கடை, பலசரக்கு அங்காடி என எங்கே போனாலும் பில் போடும்போது செல்பேசி எண் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பில் வராது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, ஈரோடு

உண்மை இல்லை. பொருள் வாங்க எண் கட்டாயமில்லை. எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. "எண் வேண்டாம், காகிதத்தில் பில் கொடுங்கள்" என்று மென்மையாகச் சொல்லுங்கள்; பில் போடும் பெண் மேலாளர் சொன்னதைச் செய்கிறவர், அவரிடம் கோபிப்பதில் பயனில்லை. மருந்துக்கடையில் மட்டும் கூடுதல் உறுதியோடு இருங்கள். வாங்கும் மாத்திரைகளே உங்கள் நோயைச் சொல்லிவிடும். அதோடு உங்கள் எண்ணும் சேர்ந்துவிட்டால், இன்னாருக்கு இந்த நோய் என்ற குறிப்பு எங்கோ ஒரு கணினியில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. ஏற்கெனவே விளம்பர அழைப்புகள் வந்து குவிகின்றன என்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்து தடுக்கலாம்.

*

நான் எந்தத் தவறும் செய்யாதவன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு எதற்குத் தனியுரிமை?
— வணிகர், தஞ்சாவூர்

உங்கள் ஊரின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் வழிப்போக்கரும் உட்காரலாம். ரேழி வரை தெரிந்தவர் வரலாம். கூடத்துக்கு உறவினர் வரலாம். உள்ளறைக்கு வீட்டார் மட்டுமே போவார்கள். உள்ளறைக்குக் கதவு வைத்தவர் அங்கே திருட்டுப் பொருள் வைத்திருந்தார் என்று எவரும் சொன்னதில்லை. யாரை எதுவரை விடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார், அவ்வளவுதான். அந்த முடிவைச் செய்யும் உரிமையைத்தான் தனியுரிமை என்கிறோம்.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த நிலையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த கேள்விக்கு விடையாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் கூறு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்பவை அதன் உயிர்நாடி. நீங்கள் வணிகர் என்பதால், வாடிக்கையாளரின் எண்களைத் திரட்டும் உங்கள் கடைக்கும் இது பொருந்தும் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

*

என் மகள் டிஎன்பிஎஸ்சி தொகுதி 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 'இலவசக் குறிப்புகள்' என்று தேடினால் வரும் தளங்கள் எல்லாம் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கேட்கின்றன. ஒருமுறை கொடுத்ததற்கே பயிற்சி மையங்களிலிருந்து ஓயாமல் அழைக்கிறார்கள். எதையும் கேட்காமல் நல்ல நூல்கள் தரும் தளம் ஏதேனும் உண்டா?
— தாய், திண்டுக்கல்

நிறையவே உண்டு, அம்மா. தேர்வுக்கு அடித்தளமான பள்ளிப் பாடநூல்களைத் தமிழ்நாடு அரசே பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான தமிழ், வரலாறு, அறிவியல் நூல்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் பாடத்திட்டத்தையும் தேர்வாணையத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் குறிப்புகளில் பல இவற்றையே வெட்டி ஒட்டி, நடுவில் பிழைகளையும் சேர்த்தவை.

தமிழ் இலக்கியப் பகுதிக்கு மூன்று கருவூலங்களைச் சொல்கிறேன். இவற்றில் படிப்பதற்குப் பெயரோ எண்ணோ கொடுக்க வேண்டியதில்லை. முதலாவது, சென்னையில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும், நூலகங்களில்கூட எளிதில் கிட்டாத பழைய இதழ்களும் அங்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பழுப்பேறிய தாளின் ஓரத்தில் யாரோ மையால் எழுதிய பெயரும் நூலகத்தின் வட்ட முத்திரையும் அப்படியே தெரியும். இரண்டாவது, மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த சங்க நூல்கள், திருக்குறள், காப்பியங்கள், பக்தி இலக்கியங்கள் அங்கே இருக்கின்றன. எழுத்துவடிவில் இருப்பதால் ஒரு சொல்லைத் தேடி அது வரும் பாடலுக்கே போய்விடலாம். தேர்வுக்குப் படிப்பவருக்கு இது பெரிய உதவி. மூன்றாவது, இலங்கைத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ம ஆவணகம். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சிறு சஞ்சிகைகள், நினைவு மலர்கள் எனப் பல அங்கே காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தேர்வுக்கு நேரடியாகப் பயன்படாவிட்டாலும், ஒரு விடுமுறை நாளில் உங்கள் மகள் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பயன்படுத்துங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தளத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. கல்லூரிப் பாடங்களுக்கு ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் காணொளிகளைப் பதிவு செய்யாமலே பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால்தான் பதிவும் தேர்வுக் கட்டணமும்.

தேடும் முறையிலும் சிறு மாற்றம் செய்து பாருங்கள். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் அதே சொற்றொடர் உள்ள பக்கங்களே முன்னால் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். பயிற்சி மைய விளம்பரங்களால் சலித்துப்போனவர், வினாத்தாளின் பெயரை மேற்கோளுக்குள் இட்டு, 'பயிற்சி' என்ற சொல்லைக் கழித்துத் தேடினால் வேறுபாட்டை உடனே காண்பார். எண் கொடுத்தே தீர வேண்டும் என்று ஒரு தளம் அடம்பிடித்தால், அதே பொருள் வேறிடத்தில் கேட்காமலே கிடைக்கும் என்று நம்பி வெளியே வந்துவிடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

*

வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்ததும், ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். மகன் தடுத்ததால் தப்பித்தேன். எது உண்மையான தளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

மகனுக்கு என் பாராட்டுகள். அவர்கள் இறக்கச் சொன்னது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் செயலியாக இருக்கும். ஓடிபி வந்ததும் உங்களுக்கு முன் அவர்கள் படித்துவிடுவார்கள். தேடல் முடிவுகளில் முதலில் நிற்பவை பெரும்பாலும் பணம் கட்டி வைத்த விளம்பரங்கள். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளதுதான் முகவரி. அதன் வால்தான் உரிமையாளர் யார் என்பதைச் சொல்கிறது. இந்திய அரசுத் தளங்கள் 'கவ் டாட் இன்' (gov.in) என்றோ 'என்ஐசி டாட் இன்' (nic.in) என்றோ முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' (bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஒரு முகவரியின் நடுவில் 'பேங்க் டாட் இன்' என்று வந்து, கடைசியில் 'ஹெல்ப் டாட் காம்' என்று முடிந்தால் அது வங்கியுடையது ஆகாது. 'ஹெல்ப் டாட் காம்' என்பவருடையது. பூட்டுச் சின்னத்தை நம்பி ஏமாறாதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே நடப்பதை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சாட்சியாகாது.

எப்போதாவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. அதன்படி, ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு நம்முடையது. அதற்குப் பிந்தையது வங்கியுடையது. ஆகவே எந்த நிலையிலும் நிமிடங்கள் முக்கியம்.

*

உலாவியின் 'மறைநிலை'யில் (இன்காக்னிட்டோ) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?
— கல்லூரி மாணவர், மதுரை

உங்கள் கணினியை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது. அவ்வளவே. கல்லூரியின் வைஃபையை நிர்வகிப்பவர், இணைய இணைப்புத் தரும் நிறுவனம், நீங்கள் போன தளம் ஆகிய மூவருக்கும் ஏதோ ஓர் அளவில் தெரியவே செய்யும். இந்தப் பெயரை நம்பி ஏமாந்ததாக அமெரிக்காவில் 2020-இல் கூகுள்மீது ஒரு வழக்கே தொடுக்கப்பட்டது. 2024-இல் ஏற்பட்ட சமரசத்தில், திரட்டிய பதிவுகளை அழிக்கவும் விளக்க வாசகத்தைத் திருத்தவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் இலவச விபிஎன் செயலிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் வழியாகப் போகும். அதைவிட, கூகுள் கணக்கின் அமைப்பில் மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் தேடல் வரலாறு தானாக அழியும்படி வைத்துக்கொள்வது மேல்.

*

எனக்குத் தெரிந்த ஒருவர் என் படத்தை மாற்றி ஆபாசமாக்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
— ஊர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

தங்கையே, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. குற்றம் செய்தவர் அவர். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகை மட்டும் கூடும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவர் அனுப்பிய செய்திகள், எண், கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அவரைத் தடை செய்யுங்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலேயும் பதிவு செய்ய முடியும். 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம். படம் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற பன்னாட்டுத் தளம் உதவும். உங்கள் படம் செல்பேசியை விட்டு எங்கும் போகாது. அதன் கணித அடையாளம் மட்டும் உருவாக்கப்பட்டு, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படும். அதே படத்தை எவராவது ஏற்ற முயன்றால் அவர்கள் கண்டறிந்து தடுக்க முடியும். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற தளம் இருக்கிறது. இத்தகைய படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே கெடு விதித்தன. எனவே படம் வெளியானால் அந்தந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு உடனே எழுதுங்கள்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். அத்தையோ, அக்காவோ, பழைய ஆசிரியையோ, உங்களைத் திட்டாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குப் போகும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது பெரிய துணை.

*

என் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

முடியும். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளின் பட்டியல் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் ஒன்பது இணைப்புகள் வரை வைத்திருக்கலாம். அறியாத எண் இருந்தால் 'இது என் எண் இல்லை' என்பதைத் தேர்ந்து அனுப்பிவிடுங்கள். துறை விசாரித்துத் துண்டிக்கும். தொலைந்த செல்பேசியை முடக்குவதும் அதே தளத்தில்தான். அதற்குக் கருவியின் 15 இலக்க ஐஎம்இஐ எண் தேவைப்படும். நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, 06, மீண்டும் ஹேஷ் குறி என்று அழுத்தினால் திரையில் அது தோன்றும். அதை இப்போதே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். செல்பேசியிலேயே குறித்து வைத்தால், அது தொலையும்போது எண்ணும் சேர்ந்தே தொலைந்துவிடும்.